நாற்பத்தொன்றாவதாக வந்த டீச்சர்

உலகம் உருண்டையாக இருப்பதற்குக் காரணமே எங்கள் நூலக டீச்சர்தான். அவரிடம் பயிற்சி எடுத்தவர்கள் ஓடி ஓடி அதன் மூலைகளெல்லாம் தேய்ந்துபோயின. அவர் விசிலை வாயில் வைத்தால் மலை ஒதுங்கி வழிவிடும், ஆறு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பந்தயக் குதிரைகள் வெட்கப்பட்டு வண்டி இழுக்கப் போய்விடும்.

இதில் உண்மை என்று பார்த்தால் விசில் மட்டும்தான். அதுவும் ஊதினால் சத்தம் வராது, காற்று வரும். உள்ளே உருளும் குண்டு எப்போதோ தொலைந்துவிட்டது. டீச்சர் அதை முறைப்படி ஊதிவிட்டு, கூடவே வாயால் "ஓடுங்கடா" என்பார். நாங்கள் அதைக் கேட்டுத்தான் ஓடுவோம்.

எங்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர் இடம் ஆறு வருடமாகக் காலி. கால்பந்தை கெமிஸ்ட்ரி சார் எடுத்துக்கொண்டார், அதில் நாற்காலி போட்டு உட்காரலாம். மேடு, பள்ளம், சேறு என்று ஐந்து கிலோமீட்டர் ஓடும் கிராஸ் கண்ட்ரியைத்தான் யாரும் தொடவில்லை. ஆசிரியர்கள் அறையில் ஒருநாள் பேச்சுவாக்கில், "நான் படிக்கும்போது ஓடியிருக்கேன்" என்று சொன்னது டீச்சர் செய்த ஒரே குற்றம். மறுநாள் காலை அவர் மேசைமேல் விசிலும் ஸ்டாப்வாட்சும் இருந்தன.

அந்த மேசை நூலகத்தில் இருக்கிறது. நூலகம் என்றால் பாதி அறை புத்தகம், பாதி அறை உடைந்த பெஞ்சு. சீசன் தொடங்கும்போதெல்லாம் டீச்சர் எங்களை அந்தப் பெஞ்சுகளில் உட்காரவைத்து ஊக்கம் கொடுப்பார். மூன்று காலில் நிற்கும் பெஞ்சில் உட்கார்ந்து ஊக்கம் பெறுவது தனிக் கலை. மற்ற பள்ளிகளில் இந்த மாதிரி நேரத்தில் தங்கப் பதக்கக் கதை சொல்வார்களாம். எங்கள் டீச்சர் சொன்னது இதுதான்:

"பதினாறு வயசுல நான் மாவட்டப் போட்டியில ஓடினேன். அறுபது பேர்ல நாப்பத்தொண்ணாவதா வந்தேன்."

அடுத்த வரிக்காகக் காத்திருந்தோம். அடுத்த வரி இல்லை.

"அவ்ளோதானா டீச்சர்?" என்றான் கொசு.

"அவ்ளோதான். ஆனா நடுவுல நிக்கலை."

"நாப்பத்திரண்டாவதா வந்தது யாரு டீச்சர்?" என்று நான் கேட்டேன்.

டீச்சர் உண்மையிலேயே யோசித்தார். "தெரியலைடா. ஓடும்போது பின்னாடி திரும்பிப் பாக்கக் கூடாதுல்ல."

அன்றிலிருந்து அவர் பெயர் நாப்பத்தொண்ணு. "நாப்பத்தொண்ணு வருது" என்று வாசலில் ஒருவன் சொன்னால் நூலகத்தில் தூங்குகிறவர்கள் எழுந்து ஆளுக்கொரு புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்வார்கள். பெயர் வைத்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது.

கிராஸ் கண்ட்ரியில் ஒரு விதி உண்டு. ஒரு குழுவுக்கு ஐந்து பேர் கோட்டைத் தாண்டினால்தான் கணக்கு. ஐந்து பேர் வந்த இடங்களையும் கூட்டுவார்கள், குறைந்த கூட்டுத்தொகைக்கு வெற்றி. நாலு பேர் மட்டும் வந்தால் அந்தக் குழு வரவே இல்லை என்று அர்த்தம், முதல் நாலு இடத்தையும் அவர்களே பிடித்திருந்தாலும். எங்கள் குழுவில் இருப்பதே ஐந்து பேர். போன வருடம் நாலு பேர் முடித்தார்கள். ஐந்தாவது ஆள் மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். அவன்தான் இதை எழுதுகிறான்.

ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட எங்கள் பள்ளிப் பெயர் முடிவுப் பலகையில் ஏறியதில்லை. ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவன் குறைந்தான்.

இந்த சீசன் தொடங்குவதற்கு முன் தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டார். நான் அப்போது அந்த அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அந்த வாசல்தான் எனக்கு இரண்டாவது வகுப்பறை, முதலாவதைவிட அங்கே நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

"டீச்சர், எத்தனாவது இடம்னு நான் கேக்கப்போறதில்ல," என்றார் தலைமையாசிரியர். "முதல் போட்டியில அஞ்சு பேரு கோட்டைத் தாண்டணும். பலகையில நம்ம பேரு வரணும். இந்த வருஷமும் வரலைன்னா குழுவைக் கலைச்சிடலாம். அந்தப் பின்பக்க மைதானத்துல வண்டி நிறுத்த இடம் பண்ணிக்கறேன். நீங்களும் நிம்மதியா புத்தகம் அடுக்கலாம்."

"நிம்மதி எனக்கு வேணாம் சார்," என்றார் டீச்சர்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். "நீ எதுக்குடா நிக்கற?"

"ஃபேன் மேல சாக்பீஸ் தூள் வச்சேன் டீச்சர்."

"எந்த ஃபேன்?"

"கெமிஸ்ட்ரி சார் தலைக்கு மேல இருக்கறது."

டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டார். "நாலு மணிக்கு மைதானத்துக்கு வா. இந்தத் தடவை புதர் எல்லாத்தையும் எண்ணி வச்சிருக்கேன்."

எங்கள் குழுவைச் சொல்லிவிடுகிறேன். கொசு ஆள் சின்னவன், ஒரே ஒரு உண்மையான ஓட்டக்காரன். மூத்தவனும் இளையவனும் இரட்டையர், பத்து நிமிட வித்தியாசம், அந்தப் பத்து நிமிடத்துக்காக இன்னும் சண்டை போடுகிறார்கள். பன், பெயரிலேயே உடம்பும் சாப்பாடும் இருக்கிறது. அப்புறம் நான், ஒரே வகுப்பில் இரண்டாவது வருடம்.

முதல் வாரம் டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்து, 'நான் ஏன் ஓடுகிறேன்' என்று எழுதச் சொன்னார். எங்கோ ஒரு புத்தகத்தில் படித்தாராம், மனதில் இருப்பதை எழுதினால் கால் வேகமாகப் போகுமாம். கொசு 'நாய்' என்று ஒரே சொல்லில் எழுதினான். மூத்தவன், 'தம்பி ஓடுறான், தனியா விட முடியாது' என்று எழுதினான். இளையவன், 'அவன் என்னைப் பார்த்து ஓடுறான்' என்று எழுதினான். பன், 'டாக்டர்' என்று எழுதினான். நான் 'கணக்குப் பாடம்' என்று எழுதினேன். அந்த நேரத்தில் கணக்கு வகுப்பு. டீச்சர் ஐந்தையும் முகம் சுளிக்காமல் வாசித்து, நூலகச் சுவரில் வரிசையாக ஒட்டினார்.

இரண்டாவது வாரம் அட்டையில் பெரிய எழுத்தில் வாசகம் எழுதி மாட்டினார்: 'வலி ஒரு விருந்தாளி. வந்தால் வரவேற்போம்.' மறுநாள் காலை அதற்குக் கீழே, 'சாப்பிட்டுவிட்டுத்தான் போகும்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். கையெழுத்து கோணலாக இருந்ததால் பன்னைத்தான் எல்லோரும் சந்தேகப்பட்டார்கள். நான் இடது கையால் எழுதப் பழகியது வீண் போகவில்லை. டீச்சர் அட்டையைக் கழற்றவில்லை. "இதுவும் சரிதான்" என்று மட்டும் சொன்னார்.

ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் முழுத் தூரமும் ஓடி நேரம் எடுப்பார். ஐந்து பேரின் சராசரி இருபத்தேழு நிமிடம். நாங்கள் முடித்துவிட்டு, செத்த மீன் மாதிரி புல்லில் கிடப்போம். டீச்சர் குனிந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "நல்லா இருந்துச்சு" என்பார். பொய் சொல்லத் தெரியாதவர் சொல்லும் பொய் கேட்கவே சங்கடமாக இருக்கும்.

இப்போது கொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பயிற்சிப் பாதை மைதானத்து கேட்டில் தொடங்கும். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, செங்கல் குவியலைச் சுற்றி, சரிவில் இறங்கி, அந்தப் பக்கத் தரிசு நிலத்தில் நட்டிருக்கும் கொடியைச் சுற்றிவிட்டுத் திரும்பி வர வேண்டும். போக ஐந்நூறு மீட்டர், வர ஐந்நூறு, ஆக ஒரு சுற்று ஒரு கிலோமீட்டர். சீசனின் முதல் நாள் டீச்சரே அளவு நாடா பிடித்துக் கொடி நட்டார். கொடி என்பது இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி, நுனியில் சிவப்புத் துணி. இரும்பு என்பதால் இரவில் விட்டு வைத்தால் காலையில் பழைய இரும்புக் கடையில் இருக்கும். அதனால் தினம் பிடுங்கிக்கொண்டு வந்து, மறுநாள் திரும்ப நட வேண்டும். கடைசியாக ஓடி வருபவன் முதலில் போய் நடுவது என்று டீச்சர் சட்டம் போட்டார். கடைசி ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை. கல்லை எடுத்துக் கம்பியை அடித்து இறக்குவேன். டீச்சர் கேட்டில் ஸ்டாப்வாட்சோடு நிற்பார். சரிவுக்கு அந்தப் பக்கம் நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது.

மூன்றாவது வாரம் கொடியைப் பத்து தப்படி இந்தப் பக்கமாக நட்டேன். சுற்றுக்கு இருபது தப்படி மிச்சம், ஐந்து சுற்றுக்கு நூறு. எனக்குச் சோம்பல், வேறு காரணம் கிடையாது. அந்த வெள்ளிக்கிழமை எல்லோருடைய நேரமும் அரை நிமிடம் குறைந்தது. டீச்சர் ஸ்டாப்வாட்சைக் காதருகே வைத்துப் பார்த்தார், ஓடுகிறதா என்று. அப்புறம் நேரங்களைச் சத்தமாக வாசித்தார். பன்னுடைய பெயர் வந்தபோது குரல் கொஞ்சம் பிசிறியது.

மறுநாள் சனிக்கிழமை. போட்டிக்கான நெஞ்சு எண் துணிகளை வாங்கி வர டீச்சர் வீட்டுக்கு என்னை அனுப்பினார்கள். துணி தேய்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. படிக்கட்டு முழுக்க சூடான துணி வாசனை. டீச்சர் தண்ணீர் பிடிக்கக் கீழே போயிருந்தார். அவர் கணவர், பஸ் டிப்போவில் எழுத்தர், பனியனோடு உட்கார்ந்து ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"நீதான் அந்தப் புதர்ப் பையனா?" என்றார்.

"ஆமா சார்."

"உக்காரு தம்பி. நேத்து இவ வந்து பாட்டெல்லாம் முணுமுணுக்கறா. கல்யாணமாகி பதினெட்டு வருஷத்துல இவ பாடி நான் கேட்டதே இல்ல. என்னடா பண்ணீங்க?"

"ஓடினோம் சார்."

"அப்ப ஓடிக்கிட்டே இருங்க."

சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதி எழுதிய தாளுக்குக் கீழே, இன்னொரு தாள் ஒட்டியிருந்தது. எங்கள் ஐந்து பேர் பெயரும், பக்கத்தில் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக நேரமும். எங்கள் உண்மைப் பெயர்கள். கொசுவின் பெயரை அங்கேதான் முதல்முதலில் முழுதாகப் படித்தேன். கடைசியாக எழுதிய நேரங்களைச் சுற்றி பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

அடுத்த வாரம் தரிசு நிலத்தில் மண் இறுகிக் கிடந்தது, கம்பி இறங்கவில்லை. பத்து தப்படி இந்தப் பக்கம் இளகலாக இருந்தது. அங்கே நட்டேன். அதற்கடுத்த வாரம் அந்த இடத்தில் எறும்பு. அதற்கடுத்த வாரம் என்ன காரணம் என்று இப்போது ஞாபகம் இல்லை.

கொசுவுக்கு மட்டும் ஒருநாள் சந்தேகம் வந்தது. "டேய், அந்த வெள்ளைப் பாறை முன்னாடி கொடிக்கு இந்தப் பக்கம் இருந்துச்சு. இப்ப அந்தப் பக்கம் இருக்கு."

"அதுவும் பயிற்சி எடுக்குதுடா," என்றேன். நம்பிவிட்டான். நேரம் குறைகிறபோது யாரும் பாறையைப் பற்றி அதிகம் கேட்பதில்லை.

பதினோராவது வாரத்தில் சராசரி இருபத்துமூன்று நிமிடம். இரட்டையர்கள் சண்டையை நிறுத்திவிட்டு ஒருவர் நேரத்தை ஒருவர் மனப்பாடம் செய்தார்கள். பன் மதியம் ஒரு பன்னைக் குறைத்தான். டீச்சர் இப்போது ஊக்கம் என்று எதையும் பேசவில்லை, எண்களை வாசிப்பார், அவ்வளவுதான். எண்கள் வாசித்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவரே போய்த் தலைமையாசிரியரிடம், "போட்டிக்கு நீங்களும் வாங்க சார், இருபத்துமூணு நிமிஷம் ஓடறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அன்றைக்கு நான் ராத்திரி சாப்பிடவில்லை.

போட்டி நாள் காலை டவுன் பஸ்ஸில் போனோம். டீச்சர் மடியில் எலுமிச்சைத் தண்ணீர் கேன். முன் சீட்டில் உட்கார்ந்து திரும்பி, ஒவ்வொருவருக்கும் வேகம் சொன்னார். "கிலோமீட்டருக்கு நாலரை நிமிஷம், கொஞ்சம் கூடப் போனாலும் பரவால்ல. ஆரம்பத்துலயே கூட்டத்துக்கு முன்னாடி வந்துடுங்க. உங்களால முடியும். இது நான் சும்மா சொல்றது இல்ல, நீங்க ஓடிக் காட்டினது."

"டீச்சர், கொஞ்சம் மெதுவா ஆரம்பிச்சா என்ன?" என்றேன்.

"ஏன், பயமா இருக்கா?"

"ஆமா டீச்சர். பயம்."

"அது நல்லதுதான்டா," என்று என் முழங்காலைத் தட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். பின்பக்கம் பன் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, 'நாலரை, நாலரை' என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

துப்பாக்கி வெடித்தது. எங்கள் பயல்கள் சொன்னபடி பாய்ந்தார்கள். முதல் கிலோமீட்டரில் கொசு பத்தாவது ஆள். இரட்டையர்கள் நாற்பது பேருக்கு முன்னால். பன்னைப் பார்த்து ஒரு நடுவர் வாய் பிளந்தார். நான் மட்டும் கடைசி வரிசையில் என் பாட்டுக்கு ஓடினேன். எனக்குத்தான் உண்மைத் தூரம் தெரியுமே.

நாலாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் ஒவ்வொருவராக எனக்கு எதிரில் வந்தார்கள். அதாவது அவர்கள் நின்றார்கள், நான் போனேன். அந்த இடத்துக்குமேல் அவர்கள் கால்களுக்கு வழி தெரியவில்லை. கொசு இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினான். பன் வேலியோரம் வாந்தி எடுத்தான். மூத்தவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு புழுதியில் உட்கார்ந்துவிட்டான்.

"நீ போடா," என்று தம்பியைத் திட்டினான். "போய்த் தொலைடா, நான் வரேன்."

இளையவன் நூறு தப்படி போனான். நின்றான். திரும்பி வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். "அவனைத் தனியா விட முடியாதுடா," என்றான். நான் கெட்ட வார்த்தை சொன்னேன், அவனும் சொன்னான், இருவரும் அழுதோம். நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் மட்டும் ஓடினேன்.

கொசு முடித்தான், எண்பத்தாறு. நான் தொண்ணூற்றைந்து. பன் நடந்தே வந்து கோட்டைத் தாண்டி, கோட்டின் மேலேயே படுத்துவிட்டான். நடுவர்கள் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்கள்.

"இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க சார், கொஞ்சம் பொறுங்க," என்றார் டீச்சர். கயிற்றின் ஒரு நுனியை அவர் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்க பசங்க ரெண்டு பேரும் ஆம்புலன்ஸ்ல உக்காந்து தண்ணி குடிக்கறாங்க," என்றார் நடுவர். "கயிறை விடுங்க மேடம்."

பலகையில் எங்கள் பள்ளிப் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் அதைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி டீச்சர், பாத்தாச்சு," என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். டீச்சர் எங்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் அவர் விரல்களை மடக்கி மடக்கி ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

திங்கட்கிழமை சாமான்களை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். பனியன் ஐந்து, ஸ்டாப்வாட்ச் ஒன்று, விசில் ஒன்று, கம்பி ஒன்று. மைதானத்தில் ஏற்கனவே ஒருவர் வண்டி நிறுத்தக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாடா, ஒரு தடவை கடைசி வரைக்கும் நடந்து பாத்துடலாம். இத்தனை வாரமும் கேட்டுலயே நின்னுட்டேன்," என்றார்.

"எதுக்கு டீச்சர், வெயில்."

"இருபத்துமூணு நிமிஷம் ஓடின பசங்கடா அவங்க. எங்க தப்பு பண்ணேன்னு எனக்குத் தெரியணும். அவ்ளோ வேகம் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. கால் பிடிச்சுக்கிச்சே அந்தப் பையனுக்கு, அது என் தப்புதானே."

நான் கூடவே நடந்தேன். செங்கல் குவியல், சரிவு, தரிசு நிலம். மூன்று மாதமாக மழை இல்லை. மண் சட்டி மாதிரி காய்ந்திருந்தது. அதில் ஒரு குழி இருந்தது. டீச்சர் தாண்டிப் போனார். பத்து தப்படியில் இன்னொரு குழி. நின்றார். நிமிர்ந்து தூரத்தில் பார்த்தார். நேர்க்கோட்டில், கட்டைவிரல் அகலத்தில், வெள்ளைப் பாறையைத் தாண்டியும் குழிகள்.

"எலி டீச்சர்," என்றேன்.

டீச்சர் கையிலிருந்த கம்பியைக் குழிக்குள் விட்டார். உறையில் கத்தி போவது மாதிரி இறங்கியது.

"எலி இவ்ளோ நேரா, அளவு வச்சா தோண்டும்?"

"படிச்ச எலி டீச்சர்."

அவர் சிரிக்கவில்லை. கம்பியை உருவி, அடுத்த குழிக்குப் போனார். அதிலும் விட்டுப் பார்த்தார். அதற்கடுத்தது. ஒன்றையும் விடவில்லை. நான் பின்னாலேயே போனேன். கடைசிக் குழிக்கு வந்ததும் கம்பியை அதில் நட்டு, அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். முகம் சிவந்திருந்தது, வெயிலா வேறு ஏதாவதா தெரியவில்லை.

"இது நான் நட்டது," என்றார். "மொத்தம் பத்து குழி. ஒண்ணு என்னோடது. அதுக்கு அடுத்தது, சோம்பேறித்தனம், சரி, உன்னை எனக்குத் தெரியும்."

"ஆமா டீச்சர். சோம்பேறித்தனம்தான். சத்தியமா."

"சோம்பேறித்தனத்துக்கு ஒண்ணு போதுமேடா," என்றார் டீச்சர். "மீதி எட்டு எதுக்கு?"